களங்கட்டி மருந்து

யாகப்பு இடுப்பில் மருந்துப் பந்தைக் கட்டிக்கொண்டு வருகிறார் என்ற செய்தி, யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் அவர் ஏறிய ஓட்டோ பண்ணைப் பாலம் தாண்டுவதற்கு முன்பே எங்கள் கரம்பொன்னுக்கு வந்து சேர்ந்துவிட்டது. அனுப்பியவன் மகன் றஜீபன். படமும் அனுப்பியிருந்தான். படத்தில் தகப்பனைக் காணவில்லை. ஒரு பிளாஸ்ரிக் போத்தல் மட்டும் இருந்தது. பிள்ளைக்குப் பால் கொடுக்கும் போத்தல் அளவு. உள்ளே ஒரு ரப்பர்ப் பந்து, மருந்து நிறைந்து வெடித்துவிடுமோ என்கிற மாதிரிப் புடைத்துக்கொண்டு நின்றது.

நான் அடுத்த வளவு, வேலிக்கு இந்தப் பக்கத்து வீடு. பெயர் மனோகரி. கூட்டுறவுச் சங்கக் கடையில் சீனியும் மாவும் நிறுத்துக் கொடுத்து ஓய்வுபெற்றவள். ஓய்வு என்றால், அடுத்த வீட்டில் என்ன நடக்கிறது என்று ஆறுதலாகப் பார்க்க நேரம் கிடைத்திருக்கிறது என்று அர்த்தம். அவர்கள் வேதக்காரர், நாங்கள் சைவம். அவர்கள் மீன் கழுவிய தண்ணீர் எங்கள் வேலியோரம் ஓடிவரும். எங்கள் விரத நாட்களில் யாகப்புவின் பெண்சாதி மாக்கிறேற் அதை மற்றப் பக்கம் ஊற்றுவாள். அதற்கு மேல் எங்களுக்குள் சண்டையும் இல்லை, சமாதானம் பேச வேண்டிய தேவையும் இல்லை.

போன ஐப்பசியில்தான் யாகப்புவுக்குச் சாப்பாடு இறங்க மறுத்தது. இரண்டு வாய் புட்டு உண்டதும் வயிறு நிறைந்துவிட்டது என்று கோப்பையைத் தள்ளுவார். ஒரு முழு ஓரா மீனைச் சொதியோடு முடித்துவிட்டு "வேறை என்ன கிடக்கு?" என்று குசினியை எட்டிப் பார்க்கிற மனிதர் அவர். வாய்க்குள்ளால் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையில் புற்று. வெட்டி எடுக்கலாம், ஆனால் முதலில் மருந்து ஏற்றி அதைச் சுருக்கவேண்டும் என்றார்கள். நெஞ்சில், காறை எலும்புக்குக் கீழே, மருந்து போகிற வாசல் ஒன்றைத் தோலுக்குள் வைத்துத் தைத்தார்கள்.

முதல் இரண்டு தடவையும் வாட்டில் படுக்கவைத்துத்தான் ஏற்றினார்கள். இரண்டாம் தடவை மனுசன் பாதியில் எழும்பி, மருந்துத் தாங்கியையும் உருட்டிக்கொண்டு வெளிவாசல்வரை வந்துவிட்டார். கடலிலே பிறந்து வளர்ந்த ஆளை மூன்று நாள் கட்டிலில் மல்லாத்தி வைத்தால் வேறு என்ன செய்வார்? வீட்டுக்கு வந்து, "இனி நான் போகன். அந்த ஃபானைப் பாத்துக்கொண்டு கிடக்கிறதிலும் பாக்க, கடலில என்ர மீன் களத்துக்குள்ள விழுந்து செத்தாலும் நிம்மதி" என்று சொல்லிவிட்டார். மாக்கிறேற் அழவில்லை. அவள் அழுகிற பிறவி இல்லை. கிணற்றடியில் போய்ச் சட்டி சருவங்களை மினுக்கத் தொடங்கினாள். அன்று முழுக்க எங்கள் வளவுக்கு அந்தச் சத்தம்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

அந்தநேரம் பார்த்துத்தான் டொக்டர், ஒரு இளம் பிள்ளை, இந்தப் பந்தைப் பற்றிச் சொன்னாராம். வாட்டில் படுக்கத் தேவையில்லை. மற்ற மருந்துகளைப் பகலில் ஏற்றிவிட்டு, மெல்ல ஏறவேண்டிய மருந்தைப் பந்துக்குள் அடைத்து வீட்டுக்கு அனுப்பலாம். இதுவும் இதற்கடுத்ததும் ஒழுங்காய் ஏறினால் ஸ்கான் எடுத்துப் பார்த்து ஒப்பிறேசன் நாள் குறிக்கலாம். யாகப்பு சம்மதித்தார், ஒரு கட்டளை போட்டு: "இதுவும் சரிவராட்டி என்னை ஒருத்தரும் ஆஸ்பத்திரிக்கு வா எண்டு கேக்கப்படாது."

அதனால்தான் அந்தப் பந்து வருகிறது என்றதும் ஒழுங்கை முழுக்க வாசலுக்கு வந்து நின்றது.

சித்திரை வெயில் கொளுத்தியது. சோளகக் காற்று இன்னும் எழவில்லை. பூவரசம் இலை ஒன்றுகூட அசையவில்லை. யாகப்பு ஓட்டோவால் இறங்கினார். உடம்பு பாதியாகிவிட்டது, தலையில் மயிரில்லை. ஆனால் முகத்தைப் பார்த்தால், பெரிய மீன்பாடு கண்டு கரைக்கு வந்த ஆள் மாதிரி இருந்தது.

"விலத்துங்கோ, விலத்துங்கோ. இடிச்சுப்போடாதையுங்கோ" என்று றஜீபன் முன்னால் வழி எடுத்துக்கொண்டு வந்தான்.

புளியங்கூடலில் இருந்து மோட்டார் சைக்கிளில் மீன் எடுக்க வருகிற செல்வரத்தினம் எல்லாருக்கும் முந்தி நின்றார். றஜீபனின் மீன் முழுவதும் அவரிடம்தான் போகும். யாகப்பு கதிரையில் இருந்ததும் அவர் குனிந்து போத்தலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"அண்ணை, இதுக்கு பற்றறி எங்கை?"

"பற்றறியும் இல்லை, கரண்டும் இல்லை. ரப்பர் தன்ர பாட்டில சுருங்கும், மருந்து தன்ர பாட்டில உள்ளுக்குப் போகும்."

"எவ்வளவு நேரத்துக்கு?"

"ரெண்டு நாள்."

"ரெண்டு நாளோ!" ஒழுங்கையின் மற்றத் தொங்கலில் இருக்கிற செபஸ்தியம்மா வாயில் கைவைத்தார். அவருக்குத் தெரியாத நோயும் இல்லை, சொல்லாத வைத்தியமும் இல்லை. "ஊசி எண்டா ஒரு குத்தில போயிடுமே. இதென்ன ஊர்ந்து போற மருந்து?"

யாகப்பு இந்தக் கேள்விக்காகவே பண்ணையிலிருந்து காத்துக்கொண்டு வந்திருக்கிறார். கதிரையில் நிமிர்ந்து இருந்தார்.

"கேளுங்கோ. டொக்டர் பிள்ளை எனக்கு விளங்கப்படுத்தினவ. இந்த நோய்க் கலமெல்லாம் ஒரேயடியாப் பெருகாதாம். ஒண்டு இப்ப பெருகும், ஒண்டு பொழுதுபடப் பெருகும், இன்னொண்டு நாளைக்கு. பெருகிற நேரம் பாத்துத்தான் இந்த மருந்து அதைப் பிடிக்கும். ஒரு குத்தில விட்டா அந்த நேரம் பெருகிறது மட்டும் அம்பிடும். மருந்தும் ரத்தத்தில நிண்டுபிடிக்காது, கெதியாக் கரைஞ்சிடும். மிச்சமெல்லாம் தப்பிடும். நான் கேட்டன், பிள்ளை, அப்ப இது வீச்சுவலை இல்லை, களங்கட்டியெல்லோ எண்டு."

"அவ என்ன சொன்னவ?"

"அவவுக்குக் களங்கட்டி எண்டா என்னெண்டு தெரியேல்லை. நான் விளங்கப்படுத்தினன். அப்பிடியே சரி எண்டு சிரிச்சவ."

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. வீச்சுவலை எறிந்த நேரம் அந்த இடத்தில் நின்ற மீனைத்தான் அள்ளும். களங்கட்டி அப்படியல்ல. இடுப்பளவு கடலில் கம்பு நட்டு வலையால் வேலி கட்டிவிட்டு வந்தால் அது பகலும் இரவும் அங்கேயே நிற்கும். நீரோட்டத்தோடு வருகிற மீன் எந்த நேரம் வந்தாலும் வேலியோரமாகப் போய்க் கூட்டுக்குள் விழும். விடியப் போய் அள்ளவேண்டியதுதான். யாகப்புவின் சீவியமே களங்கட்டிச் சீவியம். வருத்தம் வந்த பிறகு றஜீபன்தான் அதைப் பார்க்கிறான்.

"அப்ப இண்டைக்கு உங்கட வயித்துக்குள்ள களம் கட்டியாச்சு" என்றார் செல்வரத்தினம்.

"கட்டியாச்சு. இனி வாறதெல்லாம் எங்கட மீன்."

எல்லாரும் சிரித்தோம். மாக்கிறேற்றும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைச் சுருக்கிப் போத்தலைப் பார்த்தவள், "உதில வெயில் படுகுது" என்று கத்தினாள். "மிஸி சொன்னவவெல்லோ, வெயில் படக்கூடாது, சூடு படக்கூடாதெண்டு. இவர் ஐஸ் தொடவும் கூடாது, குளிர்த்தண்ணி குடிக்கவும் கூடாது. பகல் ஏத்தின மருந்து, குளிர் பட்டாக் கையை விறைக்க வைச்சுக் கொடுகப் பண்ணுமாம்."

நேர்ஸ் பிள்ளை சொன்னது சரி. நாங்கள் கேட்டதும் சரி. பிழைத்தது எங்கே என்றால், சூடு படக்கூடாத சாமானை வேறு எங்கே வைப்பது என்று எங்கள் கடற்கரையில் ஒருவருக்கும் தெரியாது. இறாலோ கணவாயோ, பழுதாகப் போகிற எதுவும் கரைக்கு வந்ததும் ஐஸுக்குள் போகும். பெறுமதி கூடக் கூட ஐஸும் கூடும். அப்படிப் பார்த்தால் கரம்பொன் கடற்கரைக்கு இதுவரை வந்த சாமான்களுக்குள் இந்தப் பந்துதான் பெறுமதி கூடியது.

செல்வரத்தினம் ஓடிப்போய்த் தன் மோட்டார் சைக்கிளிலிருந்து மீனுக்கு ஐஸ் போடுகிற ஒரு சின்ன றெஜிபோம் பெட்டியை எடுத்துவந்தார். "நண்டுச்சதைக்கு வைச்சிருக்கிறனான். நல்லாக் கழுவினது" என்றார். றஜீபன் பெட்டியின் ஓரத்தில் குழாய் போக ஒரு வெட்டு வெட்டினான். ஐஸை நொறுக்கி அடியில் பரப்பி, பொலித்தீன் விரித்து, போத்தலைப் படுக்கவைத்து, மேலேயும் ஐஸ் போட்டு மூடினான். பெட்டியைச் சாரத்துண்டால் கட்டித் தகப்பனின் இடுப்போடு தொங்கவிட்டான். செய்த வேலை அவ்வளவு நேர்த்தி. தகப்பனின் கை தவறியும் ஐஸில் படாமலிருக்க மாக்கிறேற் அவருடைய இரண்டு கைகளையும் துவாயால் சுற்றினாள்.

"ஐஸ் தொடவேண்டாம் எண்டவை, அவர் தொடேல்லை" என்றார் செபஸ்தியம்மா திருப்தியோடு. "போத்தில்தானே தொடுகுது."

எல்லாரும் றஜீபனை மெச்சினோம். ஆஸ்பத்திரிக்காரருக்கு இந்த யோசனை வரவில்லையே என்றுகூட ஒரு கதை அடிபட்டது.

அன்று பொழுதுபட யாகப்பு பெட்டியும் தானுமாகக் கடற்கரைவரை நடந்தார். எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் களங்கட்டிக் கதையைச் சொன்னார். வந்து இரண்டு இடியப்பம் சொதியோடு சாப்பிட்டார். மூன்றாவதையும் பிய்த்துப் பார்த்துவிட்டு வைத்தார். மாக்கிறேற் வேலிக்கு வந்து அதை எனக்குச் சொன்னாள். மூன்றாவது இடியப்பத்தைப் பிய்த்தார் என்பது அந்த வீட்டில் அன்று பெரிய செய்தி.

"இண்டைக்கெண்டாலும் பக்கத்தில படுக்கட்டோ எண்டு கேட்டன், மனோ அக்கா" என்றாள் பிறகு, வேலிக் கதியாலைப் பார்த்துக்கொண்டு. "வேண்டாமாம். முதல் மருந்து ஏத்தின நாளிலயிருந்து என்னைத் தள்ளித்தானே வைச்சிருக்கிறார். நான் குசினிப் பக்கம், அவர் விறாந்தைப் பக்கம். கேட்டா ஒண்டும் சொல்லுறாரில்லை."

"வருத்தக்கார மனுசன், மாக்கிறேற். ஒண்டையும் மனசில வைச்சிருக்காதையும்."

"ஓம்" என்றாள். ஆனால் அது மனதில்தான் இருந்தது. முகத்தில் தெரிந்தது.

விடியற்காலையில் கோயில் மணி அடித்து ஓய்வதற்கு முன்பே அந்த வீட்டில் சத்தம் கேட்டது. நான் வேலிப் பொட்டால் புகுந்து போனேன். மீனுக்கு வந்த செல்வரத்தினமும் வாசலில் நின்றார். பெட்டியின் மூடி திறந்து கிடந்தது. ஐஸ் அரைவாசி உருகியிருந்தது. றஜீபன் இரவில் இரண்டு தடவை எழும்பிப் புதிது போட்டானாம். போத்தலுக்குள் பந்து நேற்று வந்தபோது எப்படி இருந்ததோ கிட்டத்தட்ட அப்படியே புடைத்துக்கொண்டு கிடந்தது.

யாகப்பு அதையே பார்த்துக்கொண்டு பாயில் இருந்தார். நேற்றைய முகம் இல்லை.

"குடிக்குதில்லை" என்றார். "என்ர உடம்பு குடிக்குதில்லை. சாப்பாடு வேண்டாமெண்டுது, இப்ப மருந்தும் வேண்டாமெண்டுது. நீரோட்டம் நிண்டுபோச்சு. நீரோட்டம் இல்லாட்டிக் களத்தில என்ன கிடக்கும்? சாதாழைக் குப்பைதான் கிடக்கும்."

"இஞ்சாருங்கோ, கொஞ்சம் பொறுங்கோ..."

"என்னத்தைப் பொறுக்கிறது? சொன்னனானெல்லோ, இதுதான் கடைசி எண்டு. றஜீபன், இதைக் கழட்டு."

றஜீபன் அசையவில்லை. சிவந்த கண்ணோடு தாயைப் பார்த்தான். யாகப்பு துவாயை உதறிவிட்டு நெஞ்சிலே ஒட்டியிருந்த குழாயில் கைவைத்தார். மாக்கிறேற் பாய்ந்து அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். இறால் உரித்து உரித்து உரமேறிய கை. வருத்தத்தில் நலிந்த மனிதரால் அதை அசைக்க முடியவில்லை.

"விடு."

"விடன்."

"மாக்கிறேற்று, விடு எண்டு சொல்லுறன். என்ர உடம்பு."

"உங்கட உடம்பு! முப்பத்தாறு வரியமா ஆக்கிப் போட்டவள் நான். எனக்கு அதில ஒரு பங்கும் இல்லையோ?" மணிக்கட்டை இன்னும் இறுக்கினாள். "கழட்டுறதெண்டா என்னைச் சாக்கொண்டுபோட்டுக் கழட்டுங்கோ."

செல்வரத்தினம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துப் பிசைந்தார். செபஸ்தியம்மா வந்த வேகத்தில் நிலைமையைப் பார்த்துவிட்டுப் புனித அந்தோனியாரைக் கூப்பிடத் தொடங்கினார்.

"மிஸிக்கு ஃபோன் அடி தம்பி!" என்று நான்தான் கத்தினேன். "நம்பர் தந்தவவெல்லோ!"

நேர்ஸின் பெயர் தனுசியா. வேலணைப் பிள்ளை. வீட்டுக்கு மருந்து கொண்டு போகிறவர்கள் எந்த நேரமும் எடுக்கலாம் என்று ஆஸ்பத்திரி ஃபோன் நம்பர் கொடுத்துவிட்டிருந்தார்கள். நல்ல காலத்துக்கு அவளே எடுத்தாள். றஜீபன் முகம் தெரிகிற மாதிரி வீடியோவில் போட்டான்.

"மிஸி, பந்து சுருங்கேல்லை. அப்பா கழட்டப் போறாராம்."

"ஒருத்தரும் ஒண்டையும் கழட்டாதேங்கோ" என்றது ஃபோன். "குழாய் எங்கையும் மடிஞ்சிருக்கோ? கிளிப் பூட்டியிருக்கோ? எனக்குக் காட்டுங்கோ."

குழாயைக் காட்டினான். மடிப்பு இல்லை. கிளிப் திறந்துதான் இருந்தது.

"மருந்து ஒழுகுதோ? ஈரம் ஏதும்?"

"ஈரம் ஐஸ் தண்ணிதான், மிஸி."

தனுசியா முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்தாள்.

"என்ன தண்ணி?"

றஜீபனுக்கு அந்த நேரத்திலும் தன் கைவேலையில் ஒரு பெருமை இருந்தது. ஃபோனைத் திருப்பிப் பெட்டி முழுவதையும் காட்டினான். அடி ஐஸ், மேல் ஐஸ், குழாய் போகிற வெட்டு, எல்லாம்.

"ஐயோ அண்ணா! உதென்ன செய்து வைச்சிருக்கிறியள்? மருந்தை மீன்பெட்டியில போட்டிருக்கிறியள்! ஆர் ஐஸ் வைக்கச் சொன்னது?"

"சூடு படக்கூடாதெண்டு..."

"சூடு படக்கூடாதெண்டா வெயிலிலயும் அடுப்படியிலயும் வையாதேங்கோ எண்டுதான். ஐஸில வைக்கச் சொல்லேல்லை. குளிர்ந்தா மருந்து தடிச்சுப்போடும், ஓடாது. நெஞ்சில ஒரு சின்னக் கட்டை ஒட்டினனான் தெரியுதோ? அதுக்குள்ளாலதான் மருந்து அளவாப் போகும். அது தோலோட ஒட்டியிருக்கிறது ஐயாவின்ர உடம்புச் சூட்டுக்காகத்தான். இது அவரின்ர சூட்டிலதான் ஓடுற சாமான்."

"தேங்காயெண்ணெய் மாதிரி" என்றார் செபஸ்தியம்மா, அந்தோனியாரைப் பாதியில் விட்டுவிட்டு. "மார்கழியில உறைஞ்சுபோய்ப் போத்திலால வராதெல்லோ."

"ஓம் அம்மா, கிட்டத்தட்ட அப்பிடித்தான். இப்ப பெட்டியை எடுத்து அங்கால வையுங்கோ. நான் டொக்டரிட்டைக் கேட்டுப்போட்டு எடுக்கிறன்."

யாகப்புவின் கை குழாயைவிட்டு இறங்கியிருந்தது. மாக்கிறேற் இன்னும் மணிக்கட்டை விடவில்லை.

"அப்ப..." என்றார் அவர் மெல்ல. "உடம்பு குடிக்காமல் விடேல்லை?"

"உடம்பு குடிச்சிருக்கும் அப்பா. நாங்கள்தான் குடிக்க விடேல்லை" என்றான் றஜீபன், அழுகிற குரலில்.

யாகப்பு அவனைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், வாசலில் நின்ற செல்வரத்தினத்தைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார். எத்தனை மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு! "நாசமாப் போனவங்களே! என்னையும் கணவாயோட சேத்துக் கொழும்புக்கு அனுப்பப் பாத்தியளோடா?"

செல்வரத்தினம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஐஸை முற்றத்தில் கொட்டினார். கொட்டிய வேகத்தைப் பார்த்தால் அந்த ஐஸ்தான் புற்று என்று நினைத்தார் போலிருந்தது.

தனுசியா திரும்ப எடுக்கும்வரை எல்லாரும் ஃபோனையே பார்த்துக்கொண்டு நின்றோம். மருந்து பழுதாகிப்போனால் எல்லாம் போச்சு என்பது எல்லாருக்கும் தெரியும். ஃபோன் அடித்தபோது றஜீபன் அவசரத்தில் அதைத் தவறவிடப் பார்த்தான்.

"டொக்டரிட்டைக் கேட்டனான். பழுதில்லையாம். அப்பிடியே ஓடட்டும். நாளைக்குக் காலமை வரவேண்டாம், பந்து முழுக்கச் சுருங்கினாப் பிறகு வாங்கோ. போத்திலைச் சட்டைக்குள்ள, உடம்போட வைச்சிருந்தாக் காணும். சுடுதண்ணி ஒத்தடம், அடுப்பு, ஒண்டும் வேண்டாம். விளங்குதோ?"

ஏற்கெனவே சுடுதண்ணிப் பை எடுக்கத் தன் வீட்டுப் பக்கம் திரும்பிய செபஸ்தியம்மா, நல்ல பிள்ளையாகத் திரும்பிவந்து நின்றார்.

மாக்கிறேற் ஃபோனுக்குக் கிட்ட வந்தாள். "மிஸி, ஒரு விசயம்." எங்களைப் பார்த்தாள், பார்த்துவிட்டுத் துணிந்து கேட்டாள். "இவருக்குப் பக்கத்தில ஆக்கள் படுக்கக்கூடாதோ? மருந்து மற்ற ஆளிலும் படுமோ?"

"அப்பிடி ஒண்டுமில்லை அம்மா. வாந்தி, சலம் துப்பரவாக்கேக்க மட்டும் கையுறை போடுங்கோ. பக்கத்தில இருக்கலாம், படுக்கலாம், சாப்பாடு தீத்தலாம். ஆர் கூடாதெண்டு சொன்னது?"

யாகப்பு நிலத்தைப் பார்த்தார். "வாட்டில ஒருத்தன் சொன்னவன். வேர்வையால மருந்து வெளியில வருமாம், பெண்சாதிக்கும் பட்டிடுமாம் எண்டு. எனக்கு வந்தது காணும், உனக்கேன் எண்டுதான்..."

மாக்கிறேற் அவர் பக்கம் திரும்பினாள். "அதை வாயைத் திறந்து சொன்னா என்ன? நான் இத்தனை மாதமா உங்களுக்கு என்னைப் பிடிக்கேல்லையாக்கும் எண்டு கிடந்தன்."

"விசர்க்கதை கதையாதை."

"நீங்கள் செய்தது விசரில்லையோ!"

நான் செல்வரத்தினத்துக்குக் கண் காட்டினேன். நாங்கள் வாசலுக்கு வந்துவிட்டோம். ஒட்டுக்கேட்கிற பழக்கம் எனக்கு உண்டு. அதற்கும் ஒரு அளவு இருக்கிறது.

மத்தியானம் வெக்கை இன்னும் கூடியது. யாகப்பு மெலிந்து கம்பாகக் கிடக்கிற மனிதர். படுத்தால் போத்தல் சட்டைக்குள் நிற்காமல் சரிந்து சரிந்து பாயில் விழுந்தது. இரண்டு தடவை எடுத்து வைத்துப் பார்த்த மாக்கிறேற், மூன்றாம் தடவை தன் பாயை இழுத்துக்கொண்டு வந்து அவருக்குப் பக்கத்தில் போட்டாள். பந்து இருவருக்கும் நடுவில் வருகிற மாதிரி ஒட்டிப் படுத்தாள். பட்டப்பகலில், சித்திரை வெயிலில், நடு விறாந்தையில்! விசிறி எடுத்துக்கொண்டு போன நான் அப்படியே திரும்பினேன்.

செபஸ்தியம்மா விடுவாரா? படலையில் நின்றே குரல் கொடுத்தார். "மாக்கிறேற்று, அடை வைச்ச கோழி மாதிரிக் கிடக்கிறாய். குஞ்சு பொரிச்சாச் சொல்லு, பாக்க வாறன்!"

"போங்கோ அக்கா உங்கால!" உள்ளேயிருந்து மாக்கிறேற்றின் குரல் வந்தது. அதில் வெட்கமும் இருந்தது, சிரிப்பும் இருந்தது. அவள் எழும்பத்தான் இல்லை.

பொழுதுபட றஜீபன் வேலிக்கு மேலால் எட்டி, "மனோ மாமி! வந்து பாருங்கோ!" என்று குளறினான். சோற்று அடுப்பைத் தணித்தேனோ இல்லையோ, ஓடினேன். பந்து சுருங்கியிருந்தது! சந்தேகமே இல்லை. காலையில் போத்தலின் சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றது, இப்போது சுற்றிவர இடைவெளி தெரிந்தது. றஜீபன் விரலை வைத்து வைத்துக் காட்டினான். யாகப்பு ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் காட்டினார். மாக்கிறேற்றின் சட்டை ஒரு பக்கம் முழுக்க வேர்வையில் நனைந்திருந்தது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

செல்வரத்தினம் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே நின்றார். மீன் ஏலம் கூறுகிற அதே குரலில் தொடங்கினார். "எப்ப முடியும், சொல்லுங்கோ! சரியாச் சொல்லுற ஆளுக்கு ஒரு முழு அறக்குளா மீன்! நாளைமறுநாள் விடியப்புறம் எண்டு ஒரு ஆள்... விடியப்புறம், விடியப்புறம்..."

"காலமைப் பூசைக்கு முதல்!" என்றான் றஜீபன்.

"அண்டைக்கு மத்தியானம்" என்றார் செபஸ்தியம்மா.

"மனோ அக்கா என்ன சொல்லுறியள்?"

"அண்டைக்கு நான் மச்சம் தின்னாத நாள்" என்றேன். ஆனாலும் விடவில்லை. "பத்து மணிச் சொச்சம்."

"யாகப்பு அண்ணை?"

யாகப்பு பந்தைத் தடவினார். "அது முடியிற நேரம் முடியட்டும். நீரோட்டம் வந்திட்டுதெல்லோ. இனி அவசரமில்லை."

இரண்டு நாள் கழித்துச் செபஸ்தியம்மாதான் வென்றார். அது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. மத்தியானம் கிட்டப் பந்து சுருங்கிச் சுருங்கி நடுத்தண்டோடு ஒட்டிப்போய், ரப்பர் மட்டும் சுற்றிக் கிடந்தது. ஒழுங்கையில் எழுந்த சத்தத்தைக் கேட்டு, கோயில் திருநாள் தொடங்கிவிட்டது என்று யாரோ றோட்டில் சைக்கிளை நிறுத்தினார்கள்.

எனக்கு பிறஷர் குளிசை எடுக்க இருந்தது. அந்தச் சாட்டோடு நானும் ஓட்டோவில் ஏறினேன். றஜீபன் மோட்டார் சைக்கிளில் முன்னால் போனான். பண்ணைப் பாலத்தில் காற்று உள்ளே அடித்தபோது மாக்கிறேற் தன் சேலைத்தலைப்பை விரித்து அவருடைய நெஞ்சை மூடினாள். முடிந்துபோன மருந்துக்கு இனி எந்தக் குளிரும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், பேசாமல் விட்டேன்.

தனுசியா போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "முழுக்க இறங்கியிருக்கு" என்றாள். கையுறை போட்டு ஊசியை எடுத்து, பஞ்சு வைத்து ஒட்டினாள். டொக்டர் பிள்ளையும் வந்து எட்டிப் பார்த்தார்.

"ஐயா, களங்கட்டிக்கு ஐஸ் போட்டனீங்களாமே?"

"அது என்ர வீட்டு இஞ்சினியர்மார் செய்த வேலை, டொக்டர்" என்றார் யாகப்பு. றஜீபன் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"சரி, இப்ப சொல்லுங்கோ" என்றார் டொக்டர். சிரிப்பு நின்றுவிட்டது, குரல் கவனமாக வந்தது. "இதுதான் கடைசி எண்டு சொல்லியிருந்தீங்கள். இன்னும் ஒண்டு கிடக்கு. அதுக்குப் பிறகுதான் ஸ்கான். என்ன செய்வம்?"

மாக்கிறேற் புருசனைப் பார்க்கவில்லை. கட்டில் காலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

யாகப்பு சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினார். கடைசிப் பொத்தானையும் பூட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"அடுத்த பந்து எப்ப தருவியள்?"

"ரெண்டு கிழமையில."

"கேட்டியே?" அவர் மாக்கிறேற்றின் பக்கம் திரும்பினார். வாட்டில் கிடந்தவர்கள் எல்லாரும் கேட்கிற மாதிரித்தான் சொன்னார். "ரெண்டு கிழமை கிடக்கு. அதுக்குள்ள நல்லாச் சாப்பிட்டு உடம்பைச் சூடாக்கி வைச்சிரு."

"சீ! விசர் மனுசன்!" மாக்கிறேற் அத்தனை பேருக்கும் முன்னால் அவருடைய தோளில் பளாரென்று ஒன்று போட்டாள். போட்ட கையை எடுக்கவில்லை. அந்தத் தோளிலேயே நெற்றியை வைத்துக்கொண்டு, ஐப்பசியிலிருந்து அழாமல் வைத்திருந்ததை எல்லாம் சேர்த்து அழத் தொடங்கினாள். யாகப்பு துவாயில்லாத வெறும் கையால் அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.